பூமணி தெரிவுசெய்த எஞ்சின்

போன மாதம் வங்காலையில் ஒரு கலியாணத்துக்குப் போனேன். மாப்பிள்ளையும் பொம்பிளையும் கோயிலை விட்டு வெளியே வர, படம் பிடிக்க வந்தவர்கள் ஒரு டிரோனை மேலே ஏற்றினார்கள். சனமெல்லாம் அண்ணாந்து பார்த்துக் கைகாட்டியது. நான் சனத்தைப் பார்த்தேன். எனக்கு முன்னால் நின்ற ஒரு நடுத்தர வயதுப் பெண், பக்கத்தில் நின்றவரோடு கதைத்த கதையை நிறுத்தாமலே, இரண்டடி பின்னால் வைத்துக் கோயில் முகப்புக்குக் கீழே போய் நின்றுகொண்டார். கதை தொடர்ந்தது. தான் நகர்ந்ததை அவரே கவனித்தாரோ தெரியாது.

சாப்பாட்டுப் பந்தலில் படக்காரர் இருவரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். என் பழைய தொழிலை யாரோ சொல்லியிருக்கிறார்கள். “அங்கிள், மீள்குடியேற்ற நேரம் நீங்கள் எஞ்சின் பூட்டின சின்னப் பிளேன் விட்டுப் படம் எடுத்தனீங்களாம். எந்த எஞ்சின், எந்தச் சைலன்சர் எண்டு எப்பிடித் தெரிவு செய்தனீங்கள்?” என்று ஒருவர் கேட்டார். “அது பெரிய கதை தம்பி, சோறு ஆறுது” என்று சொல்லித் தப்பினேன். வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தால் இருக்க முடியவில்லை. எழும்பி நடந்தேன். மோட்டார் சைக்கிளின் பிளக்கைத் தேவையில்லாமல் கழற்றித் துடைத்தேன். திரும்ப வந்து இருந்தேன். “இருப்புக்கொள்ளாத மனிசன்” என்று மனைவி ஏசினாள். அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதிலை எழுதினால்தான் இந்தக் கால் ஓரிடத்தில் நிற்கும் போலிருக்கிறது.

நான் ஓலைத்தொடுவாய்க்காரன். படகு எஞ்சின் திருத்தித் தொடங்கிய கை. எங்கள் பக்கம் சண்டை முற்றியதும் குடும்பத்தோடு கடல் தாண்டி இராமேஸ்வரத்தில் இறங்கி, முகாமில் பதிந்து, கொஞ்சக் காலத்தில் தமிழ்நாட்டுப் பொறியியற் கல்லூரி ஒன்றின் பட்டறையில் கூட்டித் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே மாணவர்கள் ரிமோட்டில் பறக்கும் விமானங்கள் செய்வார்கள். செய்வதை விட உடைப்பது அதிகம். ஒரு நாள் அவர்கள் எறிந்துவிட்டுப் போன எஞ்சினைக் கழுவிப் பூட்டி ஓடவைத்தேன். அன்றோடு தும்புத்தடி என் கையை விட்டுப் போனது. பத்து வருஷத்துக்கு மேல் அந்தக் கைப்பிடி அளவு எஞ்சின்களோடுதான் சீவியம். பறக்கவிடவும் பழகினேன். சண்டை முடிந்து ஊர் திரும்பியபோது என் பெட்டியில் உடுப்பை விட ஸ்பானர்தான் அதிகம் இருந்தது.

சண்டையின் கடைசி வருஷங்கள் முழுவதும் நான் அக்கரையில் இருந்தேன் என்பதை இங்கேயே சொல்லிவைக்கிறேன். பின்னால் தேவைப்படும்.

அப்போது மன்னார் டவுனில் ஒரு தொண்டு நிறுவனம் வாடகை வீட்டில் காணிக் கந்தோர் ஒன்று நடத்தியது. அடம்பன் பக்கத்துச் சனம் முகாம்களில் இருந்து திரும்பி வந்துகொண்டிருந்த நேரம். வயலெல்லாம் பற்றைக்காடு. கண்ணிவெடி எடுத்து முடிந்த காணிகளில் டோசர் இறக்கி வழித்துத் தருவதாகத் திட்டம். நல்ல திட்டம்தான், ஆனால் டோசர் இறங்கினால் பழைய வரப்பும் சேர்ந்து போய்விடும். காணிக் கடதாசியைத் தொலைத்தவர்களுக்கு அந்த வரப்பை விட்டால் வேறு சாட்சி இல்லை. நிலத்தில் நின்று பார்த்தால் வெறும் முள்ளுத்தான் தெரியும். மேலேயிருந்து, காலை வெயில் சாய்ந்து விழும்போது படம் எடுத்தால், வரப்பில் முளைத்த புல் வேறு நிறமாகக் கோடு கோடாகத் தெரியும். அதற்குத்தான் ஒரு பிளேன் தேவைப்பட்டது. அதற்குத்தான் நானும் தேவைப்பட்டேன்.

கந்தோருக்குப் பொறுப்பு யோகராசா சேர், ஓய்வுபெற்ற நில அளவையாளர். குரலை உயர்த்திப் பேசும் பழக்கம் அவருக்கு இல்லை. எந்த விசயத்தையும் மூன்று தரம் கேட்பார். முதல் தரம் எங்களைப் பார்த்து. இரண்டாம் தரம் தன் கொப்பியைப் பார்த்து. மூன்றாம் தரம் கண்ணாடியைக் கழற்றிச் சேட்டு நுனியால் துடைத்தபடி. மூன்று தரமும் பதில் ஒன்றாக இருந்தால் பென்சிலால் எழுதுவார். மாறினால் கொப்பியை மூடுவார். அவர் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“ஏன் டூ ஸ்ட்ரோக்?” என்று கேட்டார்.

“பாரம் குறைவு சேர். உள்ளுக்குச் சாமான் குறைவு. புழுதிக்கும் தாங்கும்.”

“ஏன் பற்றறி மோட்டர் வேண்டாம்?”

“அடம்பன் பக்கம் இன்னும் கரண்ட் வரேல்லை சேர். சார்ஜ் போட எங்க போறது?”

மூன்று தரம் கேட்டார், மூன்று தரமும் அதையே சொன்னேன், எழுதினார். சைலன்சர் எஞ்சினோடு வந்தது, சின்னது, அதுவே போதும் என்றேன். அதன் பக்கவாட்டில் ஒரு மெல்லிய குழாய் புறப்பட்டு எண்ணெய்த் தாங்கிக்குப் போகும். புகையின் அழுத்தம் தாங்கியை அமுக்கி எண்ணெயைத் தள்ளும். ஆகவே சைலன்சரில் கை வைத்தால் எண்ணெய் ஓட்டத்திலும் கை வைத்ததாகிவிடும் என்று விளக்கினேன். அதையும் எழுதினார். அது எப்படிச் சத்தம் போடும் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சேரும் சண்டைக்காலத்தில் கொழும்பில் இருந்தவர்.

முதல் பறப்பு பூமணியின் காணியில். அடம்பனுக்கு உள்ளே, வாய்க்கால் ஓரமாக மூன்று ஏக்கர் வயல். பூமணிக்கு நாற்பது வயதிருக்கும். தனியாகத் திரும்பி வந்திருந்தார். வீட்டுக்காரருக்கு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. அயல் காணிக்காரர் பத்துப் பன்னிரண்டு பேரும் மூலை காட்ட வந்திருந்தார்கள். நாலு மூலையிலும் வெள்ளைச் சீலை விரித்துக் கல் வைத்தோம், படத்தில் அடையாளம் தெரியவேண்டும் என்று. பக்கத்து ஆமிக் காம்பில் அனுமதிக் கடிதமும் காட்டியாயிற்று. கிரவல் ரோட்டில் பிளேனை வைத்து, எஞ்சினைக் கிளப்பி, மூக்கை வானம் பார்க்கத் தூக்கிப் பிடித்துச் சத்தத்தைக் கேட்டேன். எண்ணெய் வரும் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசியை இரண்டு கிளிக் திறந்தேன். ஆமணக்கெண்ணெய் வாசனையோடு புகை வந்தது. சுருதி சுத்தமாக இருந்தது. ஏற்றினேன்.

பிளேன் ஒரு வட்டம் சுற்றி வயலுக்கு மேலே வந்தது. என் கண் அதிலேயே இருந்தது. “சூசை” என்று சேர் என்னைக் கூப்பிட்ட விதத்தில் திரும்பினேன். ஒருவரையும் காணவில்லை. பூமணியும் அயலவரும் வாய்க்காலுக்குள் குப்புறக் கிடந்தார்கள். தலைக்கு மேலே கை. நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். குளவி கலைந்துவிட்டது என்று நினைத்தேன். “குளவியோ?” என்று கேட்டும் விட்டேன். அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

அரைவாசியிலேயே பிளேனை இறக்கினேன். எஞ்சின் நின்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஒவ்வொருவராக எழும்பினார்கள். பூமணி முழங்காலில் சேறோடு வந்து என் முன்னால் நின்றார்.

“நீங்கள் சண்டைக்க எங்க இருந்தனீங்கள் அண்ணை?”

“இந்தியாவில.”

“அப்ப உங்களுக்குத் தெரியாது. இது வண்டு. இப்பிடித்தான் இரையும். மேல நிண்டு சுத்தும், பிறகு ஷெல் வரும். வேவு பாக்கிற பிளேனை வண்டு எண்டுதான் நாங்கள் சொல்லுறனாங்கள்.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஊர் தெரியாதவனுக்குப் பாதை சொல்வதுபோலச் சொன்னார். நான் பத்து வருஷம் காதால் சம்பாதித்தவன். அந்தச் சத்தம் எனக்குச் சுருதியாகக் கேட்டது. அவர்களுக்கு அது வேறொன்றாகக் கேட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது.

கந்தோரில் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டோம். வயலில் பாதிதான் விழுந்திருந்தது. ஒரு படத்தில் வாய்க்கால் நேராக ஓடியது, அதற்குள் ஆட்கள். காலை வெயிலில் வேலிக் கட்டைக்கு நீளமாக நிழல் இருந்தது. என் மோட்டார் சைக்கிளுக்கு இருந்தது. சேருக்கும் எனக்கும் இருந்தது. வாய்க்காலுக்குள் கிடந்தவர்களுக்கு நிழலே இல்லை. சண்டைக்காலத்தில் மேலேயிருந்து அவர்களைப் பார்த்தவர்கள் இப்படித்தான் பார்த்திருப்பார்கள் என்று எனக்கு மனதில் ஓடியது. சேர் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை. ஒன்றும் கேட்காமல் தானே அந்தப் படத்தை அழித்தார்.

இரண்டு நாள் கழித்துப் பூமணி பஸ் ஏறிக் கந்தோருக்கு வந்தார். அடுத்த திங்கள் அவருடைய பகுதிக்கு டோசர் வருகிறது என்று அறிவித்தல் போட்டுவிட்டார்கள். கடதாசியும் கையில் இல்லை, அதற்குள் படம் இல்லாவிட்டால் மூன்று ஏக்கரும் யாருடையதும் இல்லாத வெறும் நிலம்.

“படம் எனக்கு வேணும். அந்தச் சத்தம் வேண்டாம்” என்றார்.

அதுதானே, சத்தத்தைக் குறைத்தால் முடிந்தது என்று நினைத்தேன். எனக்குக் கைவந்த வேலை. பழைய சைலன்சருக்குப் பின்னால் இன்னொரு அறை ஒட்டினேன், உள்ளே துளைத்த தகடு வைத்து. எஞ்சினுக்கும் உடம்புக்கும் இடையில் ரப்பர் கொடுத்தேன், மரம் அதிர்ந்து சத்தம் போடாமல் இருக்க. முன்விசிறியைப் பெரிதாக்கிச் சுற்றைக் குறைத்தேன். புகை வெளியேற இடம் போதாமல் எஞ்சின் சுடத் தொடங்கியது. எண்ணெய் ஊசியை இன்னும் திறந்து ஒருவாறு சமாளித்தேன். ஆளில்லாத உப்புத் தரவை வெளியில் ஏற்றிப் பார்த்தால் நூறு மீற்றருக்கு அப்பால் காற்றுச் சத்தம் மட்டும்தான். சந்தோஷத்தில் தலைகால் தெரியாத புளுகம் எனக்கு. சேர் மூன்று தரம் கேட்டார், மூன்று தரமும் “கேக்காது சேர்” என்றேன். எழுதினார்.

வியாழக்கிழமை பூமணியின் காணிக்கு மேலே விட்டேன். உண்மையாகவே கேட்கவில்லை. எல்லாரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு ஒருவர் தற்செயலாக நிமிர்ந்தார். பிளேன் தலைக்கு நேரே வந்திருந்தது. அவர் கத்திய கத்தலில் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். முதல் நாள் எல்லாரும் ஒரே வாய்க்காலுக்குள் விழுந்தார்கள், இந்த முறை எங்கே போவதென்றே தெரியாமல் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு ஓடினார்கள். பூமணி ஓடவில்லை. மூலையில் விரித்த சீலையை இழுத்துத் தலைக்கு மேலே போர்த்துக்கொண்டு குந்தியிருந்தார். சுட்டுப்போன எஞ்சினும் தன் பாட்டுக்கு நின்றுவிட, பிளேனைச் சறுக்கி இறக்கினேன்.

“சத்தம் கேட்டால் எங்க நிக்குது எண்டு தெரியும், ஒளிக்கலாம்” என்றார் பூமணி, சீலையை மடித்தபடி. “இது சொல்லாமல் வந்து நிக்குது. நாங்கள் எந்தப் பக்கம் ஓடுறது அண்ணை?”

சேரும் நானும் கந்தோருக்குத் திரும்பினோம். சேர் கதிரையில் இருந்துகொண்டு, “நீர் இனி என்ன செய்யப்போறீர்?” என்று கேட்டார். வேறு சைலன்சர் என்றேன். இரண்டாம் தரம் கேட்டார், இன்னும் உயரத்தில் விடலாம் என்றேன். மூன்றாம் தரம் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார். “தெரியாது சேர்” என்றேன். கொப்பியை மூடினார். நான் முற்றத்தில் இறங்கி நடந்தேன், வந்தேன், நடந்தேன். வியாழன் போய்விட்டது, திங்கள் டோசர். ஏழாம் எட்டாம் தரம் சுற்றி வரும்போதுதான் மண்டையில் தட்டியது. கேட்கப்போகிற காது பூமணியுடையது. தெரிவு செய்கிறவன் மட்டும் ஏன் நானாக இருக்கவேண்டும்?

“அவவையே கேப்பம் சேர்” என்றேன் வாசலில் நின்று.

“ஆரை?”

“பூமணியை. எந்த எஞ்சின் எண்டு.”

சேர் கொப்பியைத் திறக்கவில்லை. ஆனால் அடுத்த நாள் காலை என்னோடு வந்தார்.

பூமணியின் தகரக் கொட்டிலுக்கு முன்னால் ஒரு பலகையில் கிளாம்பு பூட்டி, கொண்டுபோன எஞ்சின்களை வரிசையாக வைத்தேன். பழைய டூ ஸ்ட்ரோக், அதைவிடப் பெரிய இன்னொரு டூ ஸ்ட்ரோக், பிறகு ஒரு ஃபோர் ஸ்ட்ரோக். கடைசியாகச் சொன்னது கல்லூரி வாத்தியார் ஒருவர் பிரியாவிடைக்குத் தந்தது, பெட்டியை விட்டு வெளியே எடுத்ததே இல்லை. பாரம் கூட, வலு குறைவு. கமரா தூக்கிப் பறக்க நான் அதை ஒருநாளும் தெரிவு செய்திருக்க மாட்டேன். பூமணி கிணற்றுக் கட்டில் எங்களுக்கு முதுகைக் காட்டி இருந்துகொண்டார். பார்த்தால் காதுக்கு வேலை இல்லாமல் போய்விடும் என்று அவராகச் சொன்னார்.

முதலாவதைக் கிளப்பினேன். உடனே கை தூக்கினார், நிறுத்தினேன். இரண்டாவதுக்கும் அதுதான், தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறிவிட்டது. கொஞ்சம் தண்ணீர் குடித்தார். மூன்றாவதைக் கிளப்பினேன். ஃபோர் ஸ்ட்ரோக் இரண்டு சுற்றுக்கு ஒரு தரம்தான் வெடிக்கும், அதனால் குரல் தடித்தது. பூமணி கை தூக்கவில்லை. தோள் மெல்ல இறங்கியது.

“இது தண்ணி இறைக்கிற மிசின்” என்றார் திரும்பாமலே. “எங்கட கிணத்தடியில நிண்டது. வெங்காயத்துக்கு இறைக்கேக்க இப்பிடித்தான் கேக்கும்.”

“அப்ப இதுவோ?”

“இது சரி. ஆனால் இன்னும் கேக்கவேணும். எங்க நிக்குது எண்டு தெரியவேணும்.”

சத்தத்தைக் குறைக்கத்தான் சைலன்சர். அதைக் கூட்டச் சொல்லி என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. இரும்பறுக்கும் வாளை எடுத்துச் சைலன்சரின் வால்பக்கம் ஒரு விரல் அகலம் அரிந்தேன். ஓடவிட்டேன். “இன்னும்.” இன்னொரு விரல். “இன்னும் கொஞ்சம்.” அழுத்தம் குறைந்து எண்ணெய் வருவது மட்டுப்பட, ஒவ்வொரு தரமும் ஊசியைத் திருப்பித் திருப்பிச் சரிக்கட்டினேன். நாலாம் தரம் “காணும், போதும்” என்றார். வேகத்தைக் கூட்டிக் காட்டினேன். ஒரு அளவுக்கு மேலே குரல் மெலிந்து கீச்சிடத் தொடங்க, கை உயர்ந்தது. “இதுக்கு மேல போகவேண்டாம்.” ரிமோட்டில் வேகப் பிடியின் அந்த இடத்தில் ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டினேன். சேர் அப்போதுதான் கொப்பியை எடுத்து, பிளாஸ்டர் வரைக்கும் என்று எழுதினார்.

பிளாஸ்டர் வரைக்கும் என்றால் அந்தப் பிளேன் மட்டுமட்டாகப் பறக்கும். அது எனக்குத் தெரியும். அவர்களுக்குச் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை அயலவர்களைக் கூட்டி, பிளேனில் பூட்டிய ஃபோர் ஸ்ட்ரோக்கை ரோட்டில் வைத்தே பத்து நிமிஷம் ஓடவிட்டோம். வந்து பார்த்தார்கள், ஒருவர் தொட்டுச் சுட்டுக்கொண்டார், சிலர் சிரித்தார்கள். இரண்டு பேர் வேண்டாம் என்று வீட்டுக்குப் போய்விட்டார்கள். அது அவர்கள் இஷ்டம். பூமணி வடக்கு மூலைச் சீலைக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஏற்றினேன். டுபு டுபு என்று வானத்தில் ஒரு தண்ணி மிசின். சனம் நின்றது. ஒன்றிரண்டு பேர் வேலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டார்கள், ஆனாலும் நின்றார்கள். கமரா தன் பாட்டுக்குச் சொடுக்கிக்கொண்டு போனது.

கடைசி வரிசைக்குத் திருப்பும்போது மேற்கேயிருந்து வரும் கச்சான் காற்று முகத்தில் அடித்தது. இறக்கை தாழ்ந்தது. பிளேன் உயரம் இழந்து வயலோரப் பனைகளை நோக்கி இறங்கத் தொடங்கியது. பிடி பிளாஸ்டரில் முட்டி நின்றது.

“வேகத்தைக் கூட்டும்” என்றார் சேர்.

“ஏலாது சேர்.”

“சூசை, விழப்போகுது. கூட்டும்.” வாழ்க்கையில் முதல் தரம் அவர் குரல் உயர்ந்தது.

விழுந்தால் கமராவோடு படம் போய்விடும், திங்கள் டோசர் வந்துவிடும். கூட்டினால் வண்டு வந்துவிடும். எனக்கு வேறு வழி தெரியவில்லை, தொண்டை கிழியக் கத்தினேன். “பூமணி, சத்தம் கூடப்போகுது. நான்தான் கூட்டுறன்.”

வயலின் அந்தப் பக்கத்திலிருந்து பூமணியின் குரல் வந்தது. எனக்கில்லை, மற்றவர்களுக்கு. “மிசின்காரர் சத்தத்தைக் கூட்டுறாராம். பயப்பிடாதேங்கோ, நில்லுங்கோ.”

பிடியைப் பிளாஸ்டருக்கு மேலே தள்ளினேன். எஞ்சின் கீச்சிட்டது. பனை வட்டுக்கு மேலே ஒரு ஆள் உயர இடைவெளியில் பிளேன் நிமிர்ந்து ஏறியது. ஆறேழு விநாடி இருக்கும். பிடியைப் பழைய இடத்துக்கு இழுத்தேன், தண்ணி மிசின் திரும்பி வந்தது. அதற்குள் ஆரார் விழுந்தார்கள், ஆரார் நின்றார்கள் என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. இறக்கி முடித்துப் பார்த்தபோது எல்லாரும் எழும்பித்தான் நின்றார்கள், ஆனால் இருவருடைய சேட்டில் மண் இருந்தது. பூமணி விழுந்தாரா நின்றாரா என்று நான் கேட்கவில்லை.

திங்கள் காலை டோசர் ரோட்டோரம் எஞ்சின் ஓடியபடி காத்துக்கொண்டு நின்றது. காணி அதிகாரியும் நின்றார். சேர் துண்டுப் படங்களை ஒட்டிப் பெரிதாக அச்சடித்த படத்தை என் மோட்டார் சைக்கிள் சீற்றில் விரித்தார். பற்றைக்கு நடுவே வரப்பு நாலு பக்கமும் கோடு பிடித்ததுபோல இருந்தது, வாய்க்காலில் இருந்து தண்ணீர் வாங்கும் மடை கூடத் தெரிந்தது. அதிகாரி இரண்டு தரம் குனிந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். சேர் பென்சில் நுனியால் கோட்டைத் தொட்டு, “இதுதானே உங்கட வரப்பு?” என்று பூமணியைக் கேட்டார்.

“ஓம்” என்றார் பூமணி. அவர் பென்சிலைப் பார்க்கவில்லை. படத்தின் வடக்கு மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வெள்ளைச் சீலைக்குப் பக்கத்தில் நெல்மணி அளவில் ஒரு புள்ளி. அதிலிருந்து மேற்குப் பக்கமாக நீளமாக ஒரு நிழல். நான் அந்தத் துண்டின் மூலையில் அச்சாகியிருந்த நேரத்தைப் பார்த்தேன். கடைசி வரிசைக்குத் திருப்பிய நேரம், எஞ்சின் கீச்சிட்ட அந்த ஆறேழு விநாடிக்குள் விழுந்த படம்.

“இதுதானே உங்கட வரப்பு?” சேர் இரண்டாம் தரம் கேட்டார். “ஓம்” என்றார். சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி மூன்றாம் தரம் கேட்டார். அதற்கும் “ஓம்” என்றார். அவருடைய விரல் அந்த நிழலின் அடியிலிருந்து நுனிவரைக்கும் மெல்லப் போனது.

“இது நான்தானே?” என்று என்னைக் கேட்டார்.

“ஓம், நீங்கள்தான்.”

“நிக்கிறன், என்ன அண்ணை?”

“ஓம் பூமணி” என்றேன். “நிக்கிறீங்கள்.”